மறைக்கத் தெரியாத தெய்வம்

காரைக்குடியில் ஓர் அறுபதாம் கல்யாண வீடு. மத்தியானப் பந்தி முடிந்து பட்டாலையில் சாய்ந்திருந்த நேரத்தில், பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கும் உறவுக்காரப் பையன் ஒருவன் ஒரு கருத்தைச் சொன்னான். அது அன்றிலிருந்து எனக்குச் செரிக்கவும் இல்லை, தள்ளிவிடவும் முடியவில்லை. சமயம், தத்துவம், நோயாளியைப் பேசவைத்து மனதின் ஆழத்தை ஆராயும் உளப்பகுப்பாய்வு மூன்றும் பார்த்து வந்தது ஒரே வேலைதான் என்பது அவன் கட்சி. மனிதன் தன் மனப்பாரத்தை யாரிடமாவது கொட்ட வேண்டும், கொட்டியதற்கு ஒரு பொருள் கிடைக்க வேண்டும். அதை ஒரு காலத்தில் கோடாங்கி செய்தான், பிறகு மடத்துச் சாமியார் செய்தார், அதற்கும் பிறகு வியன்னாவில் ஒரு மருத்துவர் நோயாளியைப் படுக்கவைத்துச் செய்தார், இனிமேல் கைப்பேசியில் இருக்கும் செயற்கை நுண்ணறிவு செய்யும், அதுவும் இரவு இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் முகம் சுளிக்காமல் செய்யும் என்றான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பெரியவர் ஒருவர் மட்டும், "அப்பப் பழனிக்கு நடக்க வேண்டாங்கிறியா?" என்று கேட்டார். நடந்தால் உடம்புக்கு நல்லது என்று அவன் பதில் சொன்னான்.

துடுக்கான பேச்சு என்று ஒதுக்கியிருப்பேன். ஆனால் அவன் சொன்னதில் முதல் பாதி எனக்கும் சரியென்றே பட்டது. வங்கி உத்தியோகத்துக்குப் போகும் முன் தத்துவம் படித்தவன் நான். ஓய்வுபெற்று ஊர் திரும்பிய பிறகு பழைய புத்தகங்களைத் தூசி தட்டிப் படித்துக்கொண்டிருப்பவன். சமயமும் தத்துவமும் உளப்பகுப்பாய்வும் பங்காளிகள் என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் கிடையாது. பங்காளி என்றாலே பொதுச் சொத்தும் உண்டு, தீராத வழக்கும் உண்டு. ஒரே வளவுக்குள் இருந்துகொண்டு ஒருவர் அடுப்பை மற்றவர் குறை சொல்வதும் உண்டு. என்னை உறுத்தியது அவன் சொன்ன இரண்டாம் பாதிதான். மூவர் பங்கையும் ஒரு கருவி எழுதி வாங்கிக்கொள்ள முடியுமா? முடியாது என்றால், எதை அதனால் வாங்க முடியவில்லை?

ஆன்மா இல்லை, உயிர் இல்லை, உணர்ச்சி இல்லை என்ற வழக்கமான பதில்கள் எனக்குப் போதவில்லை. ஊர்க் கோயில் கல்லுக்கும் உணர்ச்சி இருப்பதாக யாரும் மருத்துவச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டு கும்பிடவில்லை.

பங்காளிச் சண்டை

உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய அந்த வியன்னா மருத்துவர் சிக்மண்ட் ஃப்ராய்ட் இந்த வழக்கை 1907ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டார். கையைத் திரும்பத் திரும்பக் கழுவுகிறவன், படுக்கும் முன் தலையணையை ஒரு குறிப்பிட்ட விதத்தில் வைக்காவிட்டால் தூங்க முடியாதவன் ஆகியோரின் கட்டாயச் செயல்களையும் சமயச் சடங்குகளையும் அருகருகே வைத்து, இரண்டிலும் ஒரே நுணுக்கமும், விட்டுப்போனால் வரும் ஒரே அச்சமும் இருப்பதைக் காட்டினார். மனநோயைத் தனிமனிதனின் சமயம் என்றும், சமயத்தை மனிதகுலத்தின் பொதுவான கட்டாயநோய் என்றும் சொல்லலாம் என்பது அவர் முடிவு. எங்கள் பக்கத்துப் பிள்ளையார் நோன்பை அவர் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார். கார்த்திகைத் தீபத்திலிருந்து 21 நாள் கணக்கு, கணக்குத் தப்பாமல் எடுத்த இழைகள், அவற்றைத் திரித்து மாவில் பதித்து ஏற்றிச் சுடரோடு வாயில் போட்டுக்கொள்ளும் வழக்கம். இழை எடுத்துக்கொள்ளாமல் போனால் அந்த வருடம் முழுவதும் மனசு சரியில்லை என்று சொல்லும் பெண்களை நான் அறிவேன். அவருடைய குறிப்பேட்டில் நான்கு பக்கமாவது நிறைந்திருக்கும்.

ஆனால் அதே கட்டுரையில் ஃப்ராய்ட் ஒரு வேறுபாட்டையும் சொல்கிறார். அதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். நோயாளியின் சடங்கு தனிச் சடங்கு, பிறர் கண்ணுக்கு மறைத்துச் செய்யப்படுவது. சமயச் சடங்கு ஊரோடு செய்யப்படுவது. எனக்கு இந்த வேறுபாடு சிறியதாகத் தெரியவில்லை. நோன்பன்று குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் இழையை எடுத்துக் கொடுக்கிறார், மற்றவர் வாங்கிக்கொள்கிறார். கொடுக்க ஒரு கை இருக்கிறது. அந்தக் கைக்குச் சொந்தக்காரரோடு முந்தின நாள் சண்டை போட்டிருந்தாலும் அவர் முன்னால் போய் நிற்க வேண்டியிருக்கிறது. கையை நூறு முறை கழுவுகிறவனுக்கு அப்படி நிற்க வேண்டிய இடம் ஒன்று இல்லை.

1927இல் சமயத்தை ஆசையிலிருந்து பிறந்த மாயத்தோற்றம் என்று ஃப்ராய்ட் தனி நூலே எழுதினார். அதைப் படித்த பிரெஞ்சு எழுத்தாளர் ரொமெய்ன் ரோலண்ட், எல்லையற்ற கடலில் கரைவது போன்ற ஓர் உணர்வுதான் சமயத்தின் ஊற்று, அதை நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை என்று கடிதம் எழுதினார். ராமகிருஷ்ணரையும் விவேகானந்தரையும் பற்றி எழுதிய அதே ரோலண்ட். அப்படி ஓர் உணர்வைத் தனக்குள் தேடிப் பார்த்தும் காணவில்லை என்று 1930இல் ஃப்ராய்ட் பதில் எழுதியது எனக்குப் பிடித்த நேர்மை. அதே நூலில்தான், மனிதன் தன் கருவிகளால் செயற்கை உறுப்புகளை மாட்டிக்கொண்ட ஒருவகைக் கடவுளாகிவிட்டான், ஆனால் அந்த உறுப்புகள் அவன் உடம்போடு ஒட்டி வளராததால் அவ்வப்போது தொல்லை கொடுக்கின்றன என்று எழுதினார். அது மேசை முன் உட்கார்ந்து யோசித்த உவமை மட்டும் இல்லை. 1923இல் வாய்ப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட பிறகு அவர் வாயில் ஒரு செயற்கைத் தாடை இருந்தது. பேசவும் சாப்பிடவும் அதோடு தினமும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர் அவர். தொழில்நுட்பத்தைப் பற்றி எழுதிய தத்துவவாதிகளில் அதை இவ்வளவு நெருக்கமாக அறிந்தவர் குறைவு.

இந்தியாவில் இந்தப் பங்காளிகளுக்குள் சண்டை குறைவாகவே இருந்தது. கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் 1922இலேயே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கிவிட்டார். யோக சூத்திரத்தையும் கீதையையும் படிப்பதற்கு அது அவருக்குத் தடையாக இல்லை. ஃப்ராய்டின் 75ஆவது பிறந்தநாளுக்கு 1931இல் அந்தச் சங்கத்தார் தந்தத்தாலான ஒரு விஷ்ணு சிலையை அனுப்பினார்கள். கடவுளை மாயத்தோற்றம் என்றவர் அதைத் தன் மேசைமேல் வைத்துக்கொண்டார்.

எங்கள் பக்கமும் அப்படித்தான். காரைக்குடியை அடுத்த கோவிலூரில் முத்துராமலிங்க ஞான தேசிகர் நிறுவிய மடத்தில், வடமொழி தெரியாதவர்களுக்கும் தமிழிலேயே வேதாந்தம் பாடம் சொல்லி வந்தார்கள். நகரத்தார்கள் பலர் கடல் கடந்து பணம் சம்பாதித்துவிட்டு வந்து அங்கே உட்கார்ந்து உலகம் பொய் என்று பாடம் கேட்டார்கள். அங்கிருந்து சிறு தொலைவில், அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம். அரிமானத்தையும் மின்கலங்களையும் ஆராயும் அந்த ஆய்வகத்தில் வேலை முடித்து வருகிற வழியில் விளக்குப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களை யாரும் முரண்பாட்டுக்காரர்கள் என்று சொன்னதில்லை. ஆகவே தொழில்நுட்பம் வந்தால் சாமி போய்விடும் என்ற பயமோ நம்பிக்கையோ இந்த மண்ணில் எடுபடுவதில்லை. கேள்வி அது இல்லை. தொழில்நுட்பம் தானே சாமியின் பீடத்தில் உட்கார்ந்து வாக்குச் சொல்ல ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

1966

அந்த உட்காரலுக்கு ஒரு தேதி போட வேண்டுமானால் நான் 1966 என்று போடுவேன். அந்த வருடம் ஜோசப் வைசன்பாம் என்ற கணிப்பொறி அறிஞர், அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் தான் எழுதிய எலைசா என்ற நிரலைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். தட்டச்சு செய்கிறவர் சொன்னதையே திருப்பிப் போட்டுக் கேள்வியாக்கும் எளிய நிரல் அது. "அம்மாவை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது" என்றால், "உங்கள் குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லுங்கள்" என்கிற ரகம். மனநல ஆலோசகரின் பேச்சைப் பாவனை செய்ய வைத்தார், அவ்வளவுதான். அந்த நிரல் எப்படி உருவானது என்பதை மாதக்கணக்கில் கூடவே இருந்து பார்த்த அவருடைய செயலாளர், அதோடு சில வரிகள் பேசியதும், தயவுசெய்து கொஞ்சம் அறையை விட்டு வெளியே போகிறீர்களா என்று அவரையே கேட்டாராம். வைசன்பாம் அதிர்ந்துபோனார். அவரை அதைவிடக் கலக்கியது இன்னொன்று: உளப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்ற கென்னத் கோல்பி என்ற மனநல மருத்துவர், இதேபோன்ற நிரல் ஒன்றைக் கொண்டு ஒரு மணி நேரத்தில் பல நூறு நோயாளிகளைக் கவனிக்கலாம் என்று அதே 1966இல் எழுதினார்.

அதே ஆண்டு செப்டம்பரில், ஜெர்மனியில் மார்ட்டின் ஹைடெக்கர் என்ற தத்துவவாதி ஒரு வார இதழுக்கு நேர்காணல் கொடுத்தார்; தன் மரணத்துக்குப் பிறகே வெளியிட வேண்டும் என்பது நிபந்தனை. 1933இல் நாஜிக் கட்சியில் சேர்ந்ததைப் பற்றிய கேள்விகளுக்கு மழுப்பலாகவே பதில் சொல்லிக்கொண்டு வந்தவர், பேச்சு தொழில்நுட்பத்தின் பக்கம் திரும்பியதும் தெளிவானார். தத்துவத்தின் இடத்தை இப்போது எது பிடித்துக்கொண்டது என்று கேட்டதற்கு, இயந்திரங்களும் உயிர்களும் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் முறையை ஆராயும் சைபர்னெடிக்ஸ் துறை என்றார்; ஒரு கடவுளால்தான் இனி நம்மைக் காப்பாற்ற முடியும் என்றும் சொன்னார். நேர்காணல் 1976இல் வெளிவந்தது. கணிப்பொறியிடம் எந்தெந்த வேலைகளை ஒப்படைக்கக் கூடாது என்று வைசன்பாம் எழுதிய நூலும் அதே 1976இல்தான் வந்தது. ஒருவர் நாஜி ஜெர்மனியிலிருந்து 1936இல் சிறுவனாகத் தப்பி ஓடிய யூதர். மற்றவர் அந்த ஆட்சிக்குக் கை தூக்கியவர். இருவரும் ஒரே வாசலில் வந்து நின்றார்கள். ஆனாலும் இவர்களில் எனக்கு உதவியவர் வைசன்பாம்தான். ஹைடெக்கரின் கடவுள் வரும் வரை காத்திருக்கலாம் என்றால், அதற்குள் எல்லோர் கையிலும் செயலி வந்துவிட்டது. வைசன்பாமின் கேள்வி அப்படியில்லை: அந்தச் செயலாளர் ஏன் தனியே இருக்க ஆசைப்பட்டார்? எதிரில் யாரும் இல்லை என்று தெரிந்தேதானே?

எனக்கு அந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது நூலில் இல்லை.

ஆச்சியின் புகார்

எங்கள் வளவுக்கு அடுத்த வீட்டில் ஓர் ஆச்சி இருக்கிறார். செட்டியார் காலமாகிப் பல வருடம் ஆகிறது. இரண்டாம் கட்டோடு வீடு நின்றுவிடுகிறது. அதற்குப் பின்னால் உள்ள அறைகளைத் திறப்பதே இல்லை. மகன் சிங்கப்பூரில் இருக்கிறார். அம்மா தனியாக இருக்கிறாரே என்று அவர்தான் தமிழில் பேசினால் தமிழிலேயே பதில் சொல்லும் ஒரு செயலியைக் கைப்பேசியில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். மாத்திரை நேரம் கேட்பதிலும், கார்த்திகை எப்போது, சஷ்டி எப்போது என்று கேட்பதிலும் தொடங்கி, பிறகு இரவில் தூக்கம் வராதபோது மனதில் இருப்பதைச் சொல்வது வரை போனது. பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். பழைய வீடுகளில் வானவெளி திறந்துதானே இருக்கிறது.

மனதில் இருந்தது தங்கையைப் பற்றியது. ஆத்தா வைத்துவிட்டுப் போன வெள்ளிச் சாமான்களைப் பிரித்ததில் அக்காவுக்கும் தங்கைக்கும் பேச்சு நின்றுபோயிற்று. பேசாமலே வருடங்கள் ஓடின. தங்கை தேவகோட்டையில் இறந்தபோது ஆச்சி கேதத்துக்குப் போகவில்லை. யாரும் அதை முகத்துக்கு நேராகக் கேட்கவும் இல்லை. கேட்காமல் விடுவது எங்கள் ஊர் நாகரிகம், எங்கள் ஊர்க் கொடுமையும்கூட. தூக்கத்துக்காக மதுரையில் ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள். மாத்திரை கிடைத்தது. மாத்திரை நன்றாகவே வேலை செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் தங்கையைப் பற்றி அவர் கேட்கவில்லை, ஆச்சியும் சொல்லவில்லை. வரிசையில் இன்னும் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரு நாள் காலையில் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஆச்சி என்னைக் கூப்பிட்டார். கைப்பேசியில் ஏதோ கோளாறு என்று நினைத்துப் போனேன். அவர் சொன்னது இதுதான்: "தம்பி, இது என்னைத் திட்டவே மாட்டேங்குது." எனக்குப் புரியவில்லை. தங்கை விஷயத்தை முழுக்கச் சொன்னாராம். உங்கள் வருத்தம் புரிகிறது, அந்தச் சூழ்நிலையில் நீங்கள் எடுத்த முடிவுக்குக் காரணம் இருந்திருக்கும், உங்களை நீங்களே மன்னித்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்ததாம். மறுநாள் அதையே இன்னும் மோசமாகச் சொல்லிப் பார்த்தாராம். தான் வேண்டுமென்றே போகவில்லை, அவள் செத்ததில் சந்தோஷம்கூடப் பட்டேன் என்றாராம். அப்போதும் அது, இப்படிப்பட்ட கலவையான உணர்வுகள் வருவது இயல்பு என்றதாம். "எதைச் சொன்னாலும் ஏத்துக்குது. அப்ப நான் சொன்னதுக்கு என்ன மதிப்பு?" என்று கேட்டார்.

உளவியல் நோக்கில் அந்தச் செயலி சொன்னது எதுவும் தவறில்லை. கலவையான உணர்வுகள் இயல்புதான். இறந்தவரிடம் அன்பும் பகையும் ஒரே நேரத்தில் இருப்பதே துக்கத்தைத் தீராநோயாக்குகிறது என்று 1917இல் ஃப்ராய்டே எழுதியிருக்கிறார். செயலி அந்த உண்மையைக் கேட்ட மாத்திரத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டது. பகுப்பாய்வாளர் அதே உண்மையை அறிந்திருந்தும் மாதக்கணக்கில் சொல்லாமல் உட்கார்ந்திருப்பார். வேறுபாடு அறிவில் இல்லை.

ஆச்சி அதன் பிறகு வேறோர் இடத்துக்குப் போனார் என்பதைப் பின்னால்தான் சொன்னார். கண்மாய்க் கரையில் ஓர் அம்மன் கோயில் உண்டு. வெள்ளிக்கிழமைகளில் அங்கே ஒரு பெண்ணுக்கு அருள் வரும். குறி கேட்க நாலைந்து பேர் வருவார்கள். எலுமிச்சம்பழத்தோடு போய் உட்கார்ந்த ஆச்சியைப் பார்த்து அந்தப் பெண், "உனக்கு இன்னிக்கு வாக்கு இல்லை, எந்திரி" என்றாளாம். அடுத்த வெள்ளியும் அதேதான். அதற்கடுத்து ஒரு வெள்ளியில், "நீ கேக்க வேண்டியதை இன்னும் கேக்கலை" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டாளாம். ஆச்சிக்குக் கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். பத்து வீட்டுப் பெண்களுக்கு முன்னால் எழுந்து போகச் சொல்லிவிட்டாளே என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்திருக்கிறார். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வாக்கியம் விடவில்லை. "அவ சொன்னது நெசம் தம்பி. தங்கச்சி ஏன் அப்படிப் பண்ணினான்னுதான் நான் கேட்டுக்கிட்டே இருந்திருக்கேன். நான் ஏன் போகலைங்கிறதை ஒரு தரங்கூடக் கேக்கலை" என்றார்.

குறி சொன்ன பெண்ணுக்கு ஆச்சியின் கதை முன்பே தெரிந்திருக்கும். இந்தச் சுற்று வட்டாரத்தில் யார் வீட்டு வெள்ளி யாரிடம் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அருள் உண்மையா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் பார்ப்பது அவள் செய்த செயலை. கேட்டதைக் கொடுக்க மறுத்தாள். அந்த மறுப்பு ஆச்சிக்குள் ஒரு வேலை செய்தது. 1915இல் ஃப்ராய்ட் தன் தொழிலுக்கு வகுத்த விதி இதுவேதான்: நோயாளி கேட்கும் ஆறுதலையும் அன்பையும் கொடுத்துத் தீர்த்துவிடக் கூடாது, அதட்டி அடக்கவும் கூடாது, அந்தப் பசி இருக்கும்படியே வைத்து, அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க விட வேண்டும். கண்மாய்க் கரைப் பெண் அவரைப் படித்தவள் அல்ல. கோவிலூரில் பாடம் சொன்ன கைவல்ய நவநீதம் என்ற தமிழ் வேதாந்த நூலிலும் சீடனின் ஐயங்களைத் தீர்ப்பதற்கென்றே இரண்டாம் படலம் முழுவதும் இருக்கிறது. ஆனால் முதல் படலத்தின் வாசலில் நான்கு சாதனங்கள் நிற்கின்றன. நிலையானது எது, நிலையற்றது எது என்ற விவேகம் தொடங்கி, விடுதலை வேண்டும் என்ற தவிப்பு வரை அவை இல்லாதவனுக்குப் பாடம் இல்லை. மூன்று பங்காளிகளிடமும் பொதுச் சொத்தாக இருந்தது கேட்பதும் பொருள் சொல்வதும் மட்டுமல்ல. பொருளைத் தராமல் வைத்திருக்கும் உரிமையும் இருந்தது. கல்யாண வீட்டில் அந்தப் பையன் போட்ட பட்டியலில் விட்டுப்போனது இது.

ஊன்றிய கால்

சைவ சித்தாந்தம் இறைவனுக்கு ஐந்து தொழில் சொல்கிறது: படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். முதல் மூன்றும் பல சமயங்களிலும் கிடைக்கும். நான்காவதைப் படித்த காலத்தில் அதை எண்ணிக்கைக்குச் சேர்த்தது என்று நினைத்துத் தாண்டிப் போனேன். இப்போது அதில்தான் நிற்கிறேன். உயிருக்குத் தன்னை மறைத்துக்கொள்வதையும் இறைவன் செய்யும் தொழிலாகவே, அதுவும் அருளின் ஒரு வடிவமாகவே சித்தாந்திகள் கணக்கிட்டார்கள். உயிரைப் பற்றியிருக்கும் அழுக்கான மலம் முதிர்ந்து கழலும் பக்குவம் வரும் வரை உயிரை அனுபவங்களில் உழலவிடுவதற்கு இந்த மறைப்பு வேண்டும். பக்குவம் வருமுன் காட்டினால் உயிருக்கு அது காட்டிய பொருளாக நிற்காது. உண்மை விளக்கம் என்ற சித்தாந்த நூல் நடராசரின் திருமேனியில் இந்த ஐந்தையும் வைத்துக் காட்டுகிறது: துடி என்ற உடுக்கையில் படைப்பு, அமைத்த கையில் காப்பு, தீயில் அழிப்பு, ஊன்றிய காலில் மறைப்பு, தூக்கிய காலில் முத்தி. நாம் கும்பிடும்போது எல்லோர் கண்ணும் தூக்கிய திருவடிக்குத்தான் போகிறது. ஆனால் ஆடுகிறவரின் பாரம் முழுவதையும் தாங்கி நிற்பது மறைக்கும் கால்.

சேவை செய்யும் கருவிகள் எல்லாவற்றின் இலக்கும் தாமதத்தை ஒழிப்பது. கேட்டவுடன் கிடைக்க வேண்டும். கேட்பதற்கு முன்பே ஊகித்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. வாடகை வண்டிக்கும் பணம் அனுப்புவதற்கும் அது சரி. என் காலத்தில் வங்கியில் ஒரு வரைவோலைக்கு மக்கள் நின்ற வரிசையை நினைத்தால் அதில் எனக்கு எந்த ஏக்கமும் இல்லை. ஆனால் "நான் ஏன் போகவில்லை" என்ற கேள்வி வரைவோலை அல்ல. அதற்கான பதில் எங்கோ தயாராக இருந்து வந்து சேருவதில்லை. காத்திருக்கிறவரிடத்தில்தான் அது உருவாகிறது. உடனே பதில் கொடுத்துவிட்டால் உருவாக வேண்டியது உருவாகாமலே போகிறது. வைசன்பாமின் செயலாளர் தனியே இருக்க விரும்பியதும் இதனால்தான் என்று இப்போது நினைக்கிறேன். அந்த நிரல் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. கேட்டதையே திருப்பிக் கேட்டது. அதன் ஏழ்மையே அதற்கு ஒருவிதமான மௌனத்தைக் கொடுத்திருந்தது. இன்றைய வாரிசுகள் அதைவிடப் பன்மடங்கு கற்றவை. அந்த மௌனத்தைத்தான் இழந்துவிட்டன.

ஏர்வாடியும் இங்கேதான் இருக்கிறது

இப்படி எழுதிக்கொண்டே போனால் குறி சொல்கிறவர்களுக்கு வக்காலத்து வாங்குவதாக முடியும். எங்களுக்குப் பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்தில், ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் செத்தார்கள். தர்காவில் குணமாகும் என்று நம்பிக் கொண்டுவந்து விடப்பட்டவர்கள். அந்த நம்பிக்கையைச் சுற்றித் தனியார் காப்பகங்கள் பணம் பார்த்தன. மருந்து வேண்டியவருக்கு மருந்தை மறுப்பது மறைத்தல் அல்ல, குற்றம். மன அழுத்தம் முற்றித் தற்கொலை எண்ணத்தில் இருக்கும் ஒருவரிடம் "உனக்கு இன்று வாக்கு இல்லை" என்றால் அது கொலைக்குச் சமம். அந்த இரவில் இரண்டு மணிக்கு எடுக்கும் ஒரே செவி கைப்பேசியாக இருந்து, அது அவரை மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தால், அதற்கு என் கும்பிடு. லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாட்டில் இருந்துகொண்டு இதை அலட்சியமாகப் பேச எனக்கு உரிமை இல்லை. உளப்பகுப்பாய்வோ வசதி படைத்தவர்களின் வைத்தியமாகவே இருந்துவிட்டது; ஒருவருக்கு ஒதுக்கிய மணி நேரத்துக்கு அவர் வராவிட்டாலும் கட்டணம் உண்டு என்பது ஃப்ராய்டின் விதி. ரங்கூன் வட்டிக்கடைகளில் பெட்டியடியில் உட்கார்ந்திருந்த எங்கள் மேலாள்கள் கேட்டிருந்தால் மெச்சியிருப்பார்கள்.

பிள்ளையார் நோன்புக்கு ஊருக்கு வந்த அந்தப் பையனிடம் ஆச்சியின் புகாரைச் சொன்னேன். "திட்டணும், அவ்வளவுதானே அம்மான்?" என்றான். ஆச்சியின் கைப்பேசியை வாங்கி, கண்டிப்பான அப்பத்தா மாதிரி பேசு, சமாதானம் சொல்லாதே என்று அதற்கு எழுதிக் கொடுத்தான். உண்மையிலேயே திட்டியது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டது. ஆச்சி சிரித்துவிட்டார். "நீ திட்டச் சொன்னதுக்கு அது திட்டுது. நாளைக்கு நீ நிறுத்தச் சொன்னா நிறுத்திப்பிடும்" என்றார். பையன் விடவில்லை. இன்றைக்கு அப்படி, நாளைக்குத் தானாகவே மறுக்கத் தெரிந்த ஒன்றைக் கட்ட முடியாதா என்று கேட்டான். கட்ட முடியும் என்றே எனக்கும் தோன்றுகிறது. ஆனால் மறுக்கிறவருக்கு மறுப்பதால் ஏதாவது நேர வேண்டும். கண்மாய்க் கரைப் பெண் அடுத்த வெள்ளியும் அதே ஊரில், அதே பெண்களுக்கு முன்னால் உட்கார வேண்டும். வாக்குப் பிசகினால் சந்தையில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. பகுப்பாய்வாளரின் மௌனம் பொறுக்காமல் நோயாளி எழுந்து போனால் அவருக்கு வருமானம் போகும். பாடம் மறுத்த குருவுக்குச் சீடன் போவான். இழக்க எதுவும் இல்லாத ஒன்று மறுத்தால், அது பூட்டிய கதவுபோல. அதன்மேல் கோபித்துக்கொண்டு புலம்பியபடி வீட்டுக்கு வர யாரால் முடியும்?

ஆச்சி தேவகோட்டைக்குப் போய்வந்தார். தங்கை மகள் "வாங்க பெரியாத்தா" என்று உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாளாம். வேறு பேச்சு எதுவும் எடுக்கவில்லையாம். வெள்ளிச் சாமானைப் பற்றியும் பேசவில்லை, கேதத்தைப் பற்றியும் பேசவில்லை. அடுத்த மாதம் மறுபடி போவதாகச் சொன்னார்.

1974இல் ரோம் நகரில் நிருபர்களிடம் பேசிய பிரெஞ்சுப் பகுப்பாய்வாளர் ழாக் லக்கான், உளப்பகுப்பாய்வு தோற்கும், சமயம் வெல்லும் என்று சொன்னார். அறிவியல் மனித வாழ்க்கையைக் குலைத்துப் போட்டுக்கொண்டே இருக்கும், குலைந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் கொடுக்கச் சமயத்தால் முடியும் என்பது அவர் காரணம். பக்திமான்கள் இதை மகிழ்ச்சியோடு மேற்கோள் காட்டலாம். அதில் பாராட்டு ஏதும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. எதைக் கொட்டினாலும் அதற்கு ஒரு பொருளைத் தயாரித்துத் தருவதுதான் சமயம் என்றால், அந்தச் சமயத்துக்கு இதைவிடத் தேர்ந்த பூசாரி இனி வரப்போவதில்லை. காலையில் ராசிபலன், மத்தியானம் ஆறுதல், இரவில் மன்னிப்பு. அந்தப் பங்கை அது எழுதி வாங்கிக்கொள்ளட்டும். அதில் எனக்கு வழக்கு இல்லை. சமயத்தில் லக்கான் கணக்கில் எடுக்காத இன்னொரு பகுதி இருக்கிறது, ஊன்றிய காலின் பகுதி. ஆச்சி ஒவ்வொரு வெள்ளியும் எலுமிச்சம்பழமும் தட்சிணையும் வைத்து, பெரும்பாலும் வாங்கி வந்தது மறுப்பைத்தான். மாதச் சந்தா வாங்கும் எந்த நிறுவனமும் அப்படி ஒரு கடையைத் திறக்காது.